யோகா ஸ்டூடியோ தருவது ஓர் அங்கம்: மீதி ஏழு அங்கங்களையும் வீட்டில் சேர்ப்பது எப்படி

லண்டன், டொராண்டோ, நியூ ஜெர்சி என்று குடிபோன நம்மவர்களுக்கு யோகா கற்கும் ஆசை வந்தால், பக்கத்துத் தெரு ஸ்டூடியோவில்தான் போய்ச் சேர்கிறார்கள். தாராளமாகச் சேருங்கள். ஆசனத்தை இங்கே நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். முழங்கால் எந்தத் திசையில் நிற்க வேண்டும், இடுப்பு எவ்வளவு திரும்பலாம் என்பதில் இங்குள்ள நல்ல ஆசிரியர்கள் காட்டும் அக்கறை நம் ஊரிலேயே எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. நான் கிழக்கு லண்டனில் ஒரு சமூகக் கூடத்தில் மாலை வகுப்பு எடுக்கிறவள். சென்னையில், மைசூரிலும் சென்னையிலும் யோகம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில் வந்த ஓர் ஆசிரியையிடம் கற்றவள். என் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பல வருடம் ஸ்டூடியோவுக்குப் போனவர்கள். உடல் நன்றாக வளைகிறது, மனம் மட்டும் அப்படியே இருக்கிறதே என்றுதான் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யோக சூத்திரம் என்ற நூலில் பதஞ்சலி சொன்ன அங்கங்கள் எட்டு: யமம் (செய்யாமல் விலக்க வேண்டியவை), நியமம் (கடைப்பிடிக்க வேண்டியவை), ஆசனம், பிராணாயாமம் (மூச்சுப்பயிற்சி), பிரத்யாகாரம் (புலன்களை உள்ளே திருப்புவது), தாரணை (மனத்தை ஒன்றில் நிறுத்துவது), தியானம், சமாதி (மனம் அதிலேயே ஒன்றிவிடுவது). மேற்கத்திய வகுப்புகளில் பெரும்பாலானவை மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கே யோகா என்று பெயர் சூட்டிவிட்டன. யோக சூத்திரத்தில் ஏறத்தாழ 195 சூத்திரங்கள். ஆசனத்துக்கு அவர் ஒதுக்கியது மூன்று, இரண்டாம் பாதத்தில் (அத்தியாயத்தில்) 46 முதல் 48 வரை. ஆசனம் அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும். முயற்சியைத் தளர்த்தி மனத்தை அனந்தத்தில் (முடிவில்லாததில்) ஒன்றவைத்தால் அது கைகூடும். கைகூடிவிட்டால் குளிர், வெப்பம் போன்ற இரட்டைகள் தாக்காது. இவ்வளவுதான் அந்த மூன்றும் சொல்வது. ஓர் ஆசனத்தின் பெயர்கூட அவற்றில் இல்லை. இந்த நூலுக்கான வியாசர் உரையில் வரும் பத்மாசனம், வீராசனம், பத்ராசனம் போன்றவையும் பெரும்பாலும் உட்காரும் நிலைகள்தான். மனம் அலைவதை நிறுத்துவதுதான் யோகம் என்று இரண்டாவது சூத்திரத்திலேயே நூல் தன் இலக்கைச் சொல்லிவிடுகிறது. கீழே வருவது எல்லாமே அந்த இலக்கை நோக்கித்தான்.

வகுப்பில் சேருமுன் வரலாற்றைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இதை முதல் வேலையாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வகுப்பில் உங்கள் முகத்தைப் பார்த்ததும் யாராவது கேட்பார்கள்: "நீங்கள் இந்தியர்தானே, இது 5000 வருடப் பழமை என்கிறார்களே, உண்மையா?" வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வராதீர்கள். தவறான புரிதல் அவர்கள் பக்கம் மட்டும் இல்லை.

1893-இல் சிகாகோவில் பேசிய விவேகானந்தர் மேற்கே கொண்டுபோனது ஆசனம் இல்லை. 1896-இல் வெளிவந்த ராஜயோகம் என்ற நூலில் அவர் பதஞ்சலி சூத்திரங்களுக்குத்தான் விளக்கம் எழுதினார். உடலை வைத்துச் செய்யும் ஹடயோகம் உடலோடு நின்றுவிடுகிறது என்று அதை ஒதுக்கியே வைத்தார். 1920-இல் பாஸ்டனில் போய் இறங்கிய யோகானந்தர் கற்பித்ததும் முதன்மையாகத் தியானம்தான். ஆகவே மேற்கத்தியர்களுக்கு ஆன்மிகம் போய்ச் சேரவே இல்லை என்று நம்மில் பலர் சொல்வது சரியில்லை. முதலில் போய்ச் சேர்ந்தது அதுதான்.

உடல் பிறகுதான் வந்தது. 1930களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய யோகசாலையிலிருந்து அந்தப் பாதை கிளம்புகிறது. அவரிடம் கற்ற இந்திரா தேவி 1940களின் இறுதியில் ஹாலிவுட்டில் வகுப்பு தொடங்கினார். இன்னொரு மாணவரான பி.கே.எஸ். ஐயங்கார் 1952-இல் வயலின் மேதை யெஹூதி மெனுஹினைச் சந்தித்தார், அந்த நட்பு அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துவந்தது. இன்று ஸ்டூடியோவில் மூச்சு வாங்க வாங்கச் செய்யும் வின்யாச வரிசைகளின் (ஆசனங்களை மூச்சோடு இணைத்துத் தொடர்ச்சியாகச் செய்வது) வேர் பெரும்பாலும் அந்த அரண்மனைக் கூடத்தில்தான் இருக்கிறது. இப்போது எல்லா வகுப்பிலும் செய்கிற சூரிய நமஸ்கார வரிசையை 1920களில் ஓர் உடற்பயிற்சியாக ஊர் ஊராகப் பரப்பியவர் அவுந்த் சமஸ்தானத்து ராஜா பவன்ராவ் பந்த் பிரதிநிதி. அதைப் பதஞ்சலியின் தலையில் கட்டாதீர்கள். இதனால் ஆசனமே புதுச்சரக்கு என்றும் ஆகிவிடாது. 15-ஆம் நூற்றாண்டு ஹடயோகப் பிரதீபிகை ஆசனங்களை விளக்குகிறது. ஆனால் ஹடவித்தையை உபதேசிப்பது ராஜயோகத்துக்காக (மனத்தை அடக்கும் யோகத்துக்காக) மட்டுமே என்று அதன் ஆசிரியர் சுவாத்மாராமர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

சரி, ஆன்மிகம் எங்கே கழன்று விழுந்தது? லண்டன் கதை எனக்கு நெருக்கமானது என்பதால் அதைச் சொல்கிறேன். 1960களின் இறுதியில் இங்கே முதியோர் கல்வி மாலை வகுப்புகளில் யோகாவைச் சேர்க்க உள் லண்டன் கல்வி ஆணையம் ஒப்புக்கொண்டது. அதற்கு ஒரு நிபந்தனை வைத்தது: ஆசனமும் பிராணாயாமமும் சொல்லித்தரலாம், யோக தத்துவத்துக்குள் போகக்கூடாது. அரசாங்கப் பணம், அரசாங்கப் பள்ளிக்கூடம், குறைந்த கட்டணம். ஆயிரக்கணக்கான சாதாரண லண்டன்வாசிகளுக்கு யோகா அந்த வழியாகத்தான் கிடைத்தது. அது நல்ல காரியம். ஆனால் யோகா என்றால் இவ்வளவுதான் என்ற எண்ணமும் அதே வழியாகத்தான் ஊன்றியது. இன்றைய ஆசிரியர்களில் பலர் அந்த வகுப்புகளில் படித்தவர்களின் மாணவர்களுக்கு மாணவர்கள். அவர்கள் எதையும் மறைக்கவில்லை, அவர்கள் கைக்கு வந்ததே அவ்வளவுதான். இது புரிந்தால் அவர்கள்மேல் கோபம் வராது.

நம் பக்கத்திலிருந்து போனவர்கள் எல்லோரும் அப்படி வெட்டிக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887-இல் பிறந்து, மலாயாவில் டாக்டராக இருந்து, ரிஷிகேசத்தில் துறவியான சிவானந்தரின் சீடர்கள், கீர்த்தனம், சேவை, சாத்விக உணவு எல்லாவற்றையும் சேர்த்தேதான் கொண்டுபோனார்கள். விஷ்ணுதேவானந்தர் 1959-இல் மான்ட்ரியலில் மையம் திறந்தார். கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்த சச்சிதானந்தர், 1969 வுட்ஸ்டாக் இசைவிழாவின் தொடக்கத்தில் லட்சக்கணக்கான இளைஞர்கள் முன்னால் அமர்ந்து மந்திரம் சொல்லவைத்தார். உங்கள் ஊரில் சிவானந்தர் வழி மையம் இருந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

ஆசிரியரிடம் என்ன கேட்பது

சான்றிதழைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 200 மணி நேரப் பயிற்சி முடித்தவர் என்று சுவரில் மாட்டியிருக்கும். அதில் தத்துவத்துக்கு ஒதுக்கும் நேரம் கொஞ்சம்தான். முதல் வகுப்பு முடிந்ததும் நிதானமாக இரண்டே கேள்வி கேளுங்கள். நீங்கள் யாரிடம் கற்றீர்கள்? நீங்கள் தினமும் என்ன பயிற்சி செய்கிறீர்கள்? தன் ஆசிரியரைப் பற்றி மரியாதையோடு பேசுகிறவரிடமும், தினமும் கொஞ்ச நேரமாவது உட்காருகிறேன் என்கிறவரிடமும் நீங்கள் நம்பிச் சேரலாம். அவர் எந்த நாட்டவர், சமஸ்கிருத உச்சரிப்பு சரியா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வகுப்பில் இன்னொன்றையும் கவனியுங்கள். யாருக்காவது மூட்டுவலி என்றால் ஆசிரியர் ஆசனத்தை மாற்றித்தருகிறாரா, அல்லது ஆளை ஆசனத்துக்குள் திணிக்கிறாரா? ஆளுக்கு ஏற்றபடி யோகத்தை அமைக்க வேண்டும் என்பதுதான் கிருஷ்ணமாச்சாரியார் பிற்காலத்தில் சென்னையில் கற்பித்த முறை. 1989-இல் நூறு வயதில் மறையும்வரை அவர் ஒவ்வொருவராக உட்காரவைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்.

பாயை விரிக்குமுன்: யமம்

மேற்கத்திய வகுப்பில் முழுசாக விட்டுப்போவது இதுதான். எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். மந்திரம் விட்டுப்போனால்கூடப் பரவாயில்லை. எட்டில் முதல் படி இது, இது இல்லாமல் மேலே போனால் எதுவும் நிற்காது.

நமக்கு இதற்கு சமஸ்கிருதம் தேவையில்லை. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க (எட்டு அங்க) யோகத்தை வரிசையாகப் பாடிவைத்திருக்கிறார். இயமத்தில் நிற்பவன் யார் என்பதற்கு அவர் தரும் அடையாளங்கள்: கொல்லான், பொய்கூறான், களவிலான், நல்லான், அடக்கமுடையான், நடுச்செய்ய வல்லான், பகுத்துண்பான், மாசிலான், கட்காமம் இல்லான் (கள்ளும் காமமும் இல்லாதவன்). பதஞ்சலி சொல்லும் ஐந்தையும் (கொல்லாமை, பொய்யாமை, திருடாமை, பிரம்மச்சரியம், பொருள் சேர்க்காமை) இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பகுத்துண்பான் பதஞ்சலியில் இல்லை, தமிழில் இருக்கிறது. பெர்லினிலும் வேறு ஊர்களிலும் கையில் பாட்டிலோடு பீர் யோகா என்று நடத்துகிறார்கள். அதற்கு உங்களை யாராவது கூப்பிட்டால், கட்காமம் இல்லான் என்ற இரண்டு சொல்லே போதும். கோபப்படாமல் பொருளைச் சொல்லி, நான் வரவில்லை என்று சொல்லிவிடலாம்.

பயிற்சி செய்வது இப்படி. ஒரு மாதத்துக்கு ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பாயில் நின்றதும் அந்தச் சொல்லை மனத்துக்குள் ஒருமுறை சொல்லுங்கள். இரவில் படுக்குமுன், இன்று அது எங்கே வழுக்கியது என்று ஒரு வரி எழுதுங்கள். நீளமாக எழுத வேண்டாம், எழுதினால் நியாயப்படுத்த ஆரம்பித்துவிடுவோம். கொல்லாமையை எடுத்தவர் அதை முதலில் தன் முழங்காலிடமிருந்து தொடங்கலாம். வலிக்கும்போதும் பக்கத்துப் பாய்க்காரரைப் பார்த்து இன்னும் குனிவது ஹிம்சைதான். பொய்கூறாமையை எடுத்தவர், அலுவலகத்திலிருந்து "கிளம்பிட்டேன்" என்று போடும் வாட்ஸ்அப்பை நிஜமாகக் கிளம்பிய பிறகு போடட்டும்.

என் வகுப்பில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார், ஆங்கிலேயப் பெண்மணி. பகுத்துண்பானை விளக்கியதும், அதை வைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன் என்றார். இங்கே சூப்பர்மார்க்கெட் வாசலில், வசதியில்லாதவர்களுக்கு உணவு சேர்க்கும் பெட்டி வைத்திருப்பார்கள். தனக்கு எதையெல்லாம் வாங்குகிறாரோ, அதில் ஒன்றை இரண்டாக வாங்கி ஒன்றை அந்தப் பெட்டியில் போடுவது என்று வைத்துக்கொண்டார். மலிவானதாகப் பார்த்துப் போடுவதில்லை, தான் சாப்பிடும் அதே பிராண்ட். மாதம் முடிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. அவரால் இன்னமும் குனிந்து கால்விரலைத் தொட முடியாது. என் வகுப்பில் யோகத்தை எல்லோரையும்விட நன்றாகச் செய்கிறவர் அவர்தான்.

ஆசனத்தின்போது மனத்துக்கு என்ன வேலை

ஸ்டூடியோவில் கண்ணாடி இருக்கும், பாட்டு ஓடும், ஆசிரியர் அடுத்தடுத்துப் பெயர் சொல்லிக்கொண்டே போவார். அங்கே அவர் சொல்வதைச் செய்யுங்கள். வீட்டில் மூன்று நான்கு ஆசனங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வேறுவிதமாகச் செய்யுங்கள்.

நேராக நில்லுங்கள். முதலில் மூச்சு உள்ளே போகத் தொடங்கட்டும். அது தொடங்கிய பிறகு கைகள் மேலே எழும்பட்டும். கைகள் உச்சிக்கு வந்து நின்ற பிறகுதான் மூச்சு முடிய வேண்டும். அதாவது மூச்சு கொஞ்சம் முந்தி, கொஞ்சம் பிந்தி, நடுவில் அசைவு. ஒரு நொடி நில்லுங்கள். இப்போது மூச்சு வெளியே போகத் தொடங்கட்டும், அடிவயிறு லேசாக உள்ளே போகும், அதற்குப் பிறகு குனியுங்கள். முழங்கால் மடங்கினால் மடங்கட்டும். எவ்வளவு தூரம் குனிந்தோம் என்று பார்க்க வேண்டாம், வெளிமூச்சு கடைசிவரை ஒரே சீராகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். தொண்டையில் எழும் மெல்லிய சத்தம் தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மூச்சு முரடானால் அதுதான் எல்லை, அங்கிருந்து ஒரு படி பின்வாங்குங்கள். இப்படி ஆறு முறை.

முயற்சியைத் தளர்த்து என்று பதஞ்சலி சொன்னது என்ன என்பது நான்காவது ஐந்தாவது முறையில் தானாகத் தெரியவரும். மூச்சைக் கவனிக்கிற மனத்துக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருக்காது. ஆசனம் ஆசனமாக இருப்பது அப்போதுதான். தலைகீழாக நின்றுகொண்டே ஆபீஸ் மீட்டிங்கை யோசிக்கிறவர் செய்வது நல்ல தேகப்பயிற்சி. அதில் தப்பில்லை, அதற்கு வேறு பெயர் உண்டு.

உட்காருவது

ஆசனம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். இதற்காகத்தான் அதைச் செய்தோம். தரையில் உட்கார முடிந்தால் சுகாசனம், முடியாவிட்டால் கைப்பிடியில்லாத நாற்காலி, பாதம் தரையில் படியட்டும். முதுகு நிமிர்ந்து இருந்தால் போதும்.

நாடிசுத்தி செய்யுங்கள். வலதுகையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் வலது நாசியை மூடி இடதில் இழுங்கள், மோதிரவிரலால் இடதை மூடி வலதில் விடுங்கள். வலதிலேயே இழுத்து இடதில் விடுங்கள். இது ஒரு சுற்று. ஆறேழு சுற்று போதும். மூச்சை உள்ளே நிறுத்திவைப்பதை நேரில் ஆசிரியர் இல்லாமல் செய்யாதீர்கள். இரத்த அழுத்தம், இதயக்கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதன் பக்கமே போக வேண்டாம். யூடியூப்பில் பார்த்து வேகவேகமாகக் கபாலபாதி (மூச்சை வெடுக்கென்று வெளியே தள்ளும் பயிற்சி) செய்து தலைசுற்றலோடு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

பிரத்யாகாரத்துக்கு இந்தக் காலத்தில் ஒரே ஒரு விதி சொல்கிறேன்: போன் வேறு அறையில் இருக்கட்டும். சைலண்டில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வது செல்லாது.

பிறகு பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும், அது மூச்சாக இருக்கலாம், ஓங்காரமாக இருக்கலாம், நமசிவாயமாக இருக்கலாம், சிறுவயதில் பாட்டி சொல்லிக்கொடுத்த ஒரு வரியாக இருக்கலாம். மனம் போகும், திரும்பக் கூட்டிவாருங்கள். நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால் பயிற்சி வேரூன்றும் என்கிறது முதல் பாதத்தின் 14-ஆம் சூத்திரம். தினமும் பத்து நிமிடம் உட்காருகிறவர், ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருகிறவரைவிடத் தூரம் போவார்.

"இது மதமா?" என்று கேட்டால்

கட்டாயம் கேட்பார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 1993-இல் அரசுப் பள்ளிகளில் யோகாவுக்குத் தடை போட்டது. 2021-இல் தடையை நீக்கியபோதும் மந்திரம் கூடாது, முத்திரை கூடாது, நமஸ்தே கூடாது, ஆசனங்களை ஆங்கிலப் பெயரில்தான் சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது. தன் பிள்ளைக்குத் தெரியாமல் வேறு வழிபாடு நுழைந்துவிடுமோ என்று ஒரு கிறிஸ்தவத் தாய் பயந்தால், அந்தப் பயத்தைக் கேலி செய்யக்கூடாது. வெறும் உடற்பயிற்சிதான் என்று பொய்யும் சொல்லக்கூடாது.

நான் சொல்வது இதுதான்: இது இந்திய மண்ணில், இந்து, பௌத்த, சமண சாதகர்களிடையே வளர்ந்த மனப்பயிற்சி. நூல் ஈசுவரனைப் பற்றிப் பேசுகிறது, ஓங்காரத்தை அவன் பெயர் என்கிறது. ஆனால் முதல் பாதத்தின் 23-ஆம் சூத்திரம், ஈசுவரனிடம் சரணடைவதாலும் இது கைகூடும் என்று பல வழிகளில் ஒன்றாகத்தான் அதை வைக்கிறது. உங்கள் நம்பிக்கையை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை, எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவும் மாட்டேன். இப்படிச் சொன்ன பிறகு எழுந்து போனவர்களும் உண்டு, இருந்தவர்களும் உண்டு. இரண்டு பேரிடமும் நான் உண்மையாகத்தான் பேசினேன்.

பிள்ளையார் படம் போட்ட லெக்கிங்ஸில் யாராவது வந்தால், எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது தனியாக, எங்கள் வீட்டில் இவரைத்தான் காலையில் முதலில் கும்பிடுவோம், காலில் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். நான் அப்படிச் சொன்னவர்களில் யாரும் முகம் சுளித்ததில்லை. பெரும்பாலும் அவர்களுக்கு அது ஓர் அழகான யானை, அவ்வளவுதான் தெரியும்.

வகுப்பு முடிவில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தைப் பற்றி ஒரு வரி: அதைத் தவிர்த்துவிட்டு ரயிலைப் பிடிக்கப் போகாதீர்கள்.

அடுத்தமுறை சென்னைக்கு லீவில் போகும்போது, கல்யாணம், துணிக்கடை என்று எல்லா நாளையும் நிரப்பிவிடாமல் ஐந்தாறு காலைப்பொழுதை ஒதுக்கிவையுங்கள். தனியாக உட்காரவைத்துக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மயிலாப்பூர், மந்தைவெளி பக்கம் இன்னும் இருக்கிறார்கள். முன்கூட்டியே நேரம் கேட்டுவிடுங்கள். போகும்போது நீங்கள் எழுதிய அந்த ஒற்றைவரிக் குறிப்பு நோட்டையும், ஏதேனும் மருந்து சாப்பிட்டால் அந்தச் சீட்டையும் எடுத்துப்போங்கள். எனக்கு ஆசனம் சொல்லிக்கொடுங்கள் என்று தொடங்காமல், என் நாள் இப்படிப் போகிறது, இதில் எங்கே என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அவர் எழுதிக்கொடுக்கும் தாளில் ஆசனம் நான்கைந்துக்கு மேல் இருக்காது. அதை அப்படியே லண்டனுக்குக் கொண்டுவந்து, அடுத்த லீவு வரை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் செய்யுங்கள்.